சிறுவர் படப்புத்தகத்துக்கு வரைந்து பிழைக்க முடியுமா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி

கிரி_கோடு (கிருஷ்ணகிரி)

வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. காதுகுத்து, கிரகப்பிரவேசம், தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, பகல் முழுக்க இதுதான். ராத்திரி வீட்டில் வரைவேன். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உட்கார்ந்து வரைந்த ஆடுகளை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். அதைப் பார்த்து ஒரு சின்னப் பதிப்பகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கான கதை. தாத்தாவோடு சந்தைக்குப் போகிற பையன் கூட்டத்தில் ஆட்டுக்குட்டியைத் தொலைத்துவிடுகிறான், தேடுகிறான், கிடைக்கிறது. 24 பக்கம், ரேப்பர் (மேலட்டை) தனி. மொத்தமாக ஒரு தொகை தருகிறார்கள். என் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கொஞ்சம் அதிகம்.

ஒப்பந்தம் என்று ஒரே ஒரு பக்கம் வந்திருக்கிறது. ‘படங்களின் அனைத்து உரிமைகளும், அனைத்து வடிவங்களிலும், நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே’ என்று ஒரு வரி. இதில் கையெழுத்துப் போடலாமா? அப்புறம், இதை நம்பி ஃப்ளெக்ஸ் வேலையை விடலாமா? அப்பா மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை பார்ப்பவர். "படம் வரையறதுக்கு மாசா மாசம் யாருடா காசு குடுப்பாங்க?" என்று கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். ஆட்டுக்குட்டியை வெள்ளையாக வரையச் சொல்கிறார்கள், பார்க்க அழகாக இருக்குமாம். எங்கள் பக்கம் சந்தையில் பாதிக்கு மேல் கருப்பு ஆடுதான்.

---

பழைய_தூரிகை (தர்மபுரி)

வாழ்த்துகள் தம்பி. நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். பத்திரிகைகளுக்கும் நிறைய வரைந்திருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள். முதல் புத்தகம் கையில் இருந்தால்தான் இரண்டாவது வரும்.

அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. மாசா மாசம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அம்புலிமாமா 1947-இல் சென்னையில் தொடங்கியபோது ஓவியர்கள் அங்கே சம்பளத்துக்கு இருந்தார்கள். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து வருகிற அந்தப் படத்தை வரைந்த சங்கர், அதாவது கே.சி.சிவசங்கரன், தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்து பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் வரைந்தார். 2020-இல் காலமானார், மறு வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்படிப்பட்ட வேலை இன்றைக்குத் தமிழில் எங்கேயும் கிடையாது. எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம், கூலிக்குக் கூலி. வருகிறதை வாங்கிக்கொள்வதுதான் புத்தி.

---

நெல்லிமரம் (தர்மபுரி)

ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிரி, அந்த வரியை அப்படியே வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் இந்த வேலைதான் செய்கிறேன், தர்மபுரியில் இருந்துகொண்டே. படப்புத்தகத்தில் ஓவியர் கதைக்கு அலங்காரம் செய்கிறவர் இல்லை, கதையில் பாதியைச் சொல்கிறவர். உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். எழுத்தாளர் ‘குட்டியைக் காணோம்’ என்று இரண்டே வார்த்தை எழுதுவார். குட்டி எங்கே இருக்கிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். புளிக்கடைக்காரம்மாவின் குடை நிழலில் அது படுத்திருக்கும், பையன் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் தேடுவான். புத்தகம் பார்க்கிற குழந்தைக்குக் குட்டி தெரியும், பையனுக்குத் தெரியாது. "அங்க இருக்குடா!" என்று குழந்தை கத்துமே, அது எழுத்தாளர் எழுதாத வரி. பாதிக் கதையை எழுதிவிட்டு, அதை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டுப் போவதா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு புத்தகத்துக்கு மொத்தத் தொகை வாங்கினேன், உங்களுக்கு வந்த அதே வாசகம். பிறகு அந்தப் படங்கள் வேறு இரண்டு மொழிகளில் வந்தன, ஒரு நோட்டுப் புத்தக அட்டையிலும் வந்தன. எனக்கு ஒரு பிரதிகூட வரவில்லை. கடையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆடு விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மூன்று மாவட்டத்துக்கும் சொந்தமான இனமே ‘சேலம் கருப்பு’தான். உடம்பு முழுக்கக் கருப்பு. சந்தையில் நீங்கள் எடுத்த போட்டோக்களை அனுப்பிப் பேசிப் பாருங்கள்.

---

ஓசூர்_கீபோர்டு

எதற்கு இவ்வளவு பதற்றம்? சட்டப்படி வரைந்தவருக்குத்தான் காப்பிரைட், அவர்கள் என்ன எழுதினாலும் செல்லாது. அதை விடுங்கள். இன்னும் இரண்டு வருடத்தில் இந்த வேலையே இருக்காது. ‘சந்தையில் ஆடு’ என்று தட்டினால் ஏஐ ஒரு நிமிடத்தில் நாற்பது படம் தருகிறது. தம்பி அனிமேஷனோ யூஐ டிசைனோ படித்துவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறுவது நல்லது. சொன்னால் கோபம் வரும், தெரியும்.

---

கோர்ட்டு_வாசல் (தர்மபுரி)

வக்கீல் என்பதால் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ‘என்ன எழுதினாலும் செல்லாது’ என்பது ஆபத்தான நம்பிக்கை.

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. ஒருவர் காசு கொடுத்து, அவர் கேட்டபடி வரைந்து கொடுக்கிற ஓவியத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். இது பலருக்குத் தெரியாது. ஆகவே ‘ஒன்றும் எழுதாமல் விட்டால் நமக்குத்தானே’ என்று சும்மா இருக்க முடியாது. ‘ஓவியங்களின் பதிப்புரிமை ஓவியருக்கே, பதிப்பகத்துக்கு இன்னின்ன பயன்பாட்டு உரிமை மட்டும்’ என்று எழுதி வாங்க வேண்டும்.

உரிமையை எழுதிக் கொடுப்பதானால் 19-ஆவது பிரிவைப் பாருங்கள். எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று சொல்லாவிட்டால் 5 வருடம் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இதில் அந்த 5 வருடப் பாதுகாப்பை ‘நிரந்தரமாக’ என்ற ஒரு சொல் எடுத்துவிடுகிறது. அதை அங்கே சும்மா போட்டு வைக்கவில்லை.

எதை எழுதிக் கொடுத்தாலும் கையை விட்டுப் போகாதது 57-ஆவது பிரிவு. இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், கெடுத்து வெளியிட்டு என் பெயருக்குக் களங்கம் வந்தால் கேட்கும் உரிமையும் அதில் இருக்கின்றன.

ஏஐ பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஒரு தகவல் மட்டும். 2023-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதைப் புத்தகத்தில் இயந்திரம் உருவாக்கிய படங்களுக்குத் தனிப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. அப்படி ஒரு படத்தை அட்டையில் போடுகிற பதிப்பாளர், அங்கே யாராவது நகலெடுத்தால் என்ன செய்வார் என்பது அவர் பிரச்சினை.

---

பழைய_தூரிகை

வக்கீல் சார் சொன்னது சரி, நானும் தெரிந்துகொண்டேன். ஆனால் அடுத்து எல்லாரும் "ராயல்டி கேள் தம்பி" என்று கிளம்புவீர்கள், அதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறேன்.

உதாரணத்துக்குப் புத்தகம் விலை 60 ரூபாய், 1000 பிரதி என்று வையுங்கள். ராயல்டி 10 சதவீதம், எழுத்தாளரும் ஓவியரும் ஆளுக்குப் பாதி. பிரதிக்கு 3 ரூபாய். ஆயிரமும் விற்றால் 3000 ரூபாய். அதுவும் அச்சிட்ட விலையில் கணக்கிட்டால். கடைக்காரருக்கு 40 சதவீதக் கழிவு போக, பதிப்பகத்தின் கைக்கு வரும் தொகையில்தான் கணக்கு என்றால் 36 ரூபாயில் 5 சதவீதம், 1 ரூபாய் 80 காசு. மொத்தம் 1800 ரூபாய். ஆயிரம் விற்க எத்தனை வருடம் ஆகுமோ. இருபத்து நாலு பக்கத்துக்குக் கலர் படம், ரேப்பரோடு. பெட்டிக்கடையில் கணக்கு எழுதினாலே இதை விட அதிகம் வருமே! மொத்தத் தொகை ஏமாற்று வேலை இல்லை ஐயா, சின்ன விற்பனை உள்ள மொழியில் அதுதான் ஓவியரைக் காப்பாற்றுகிறது.

---

நெல்லிமரம்

ஐயா கணக்கு சரி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நானும் தமிழ்ப் புத்தகங்களுக்கு மொத்தத் தொகைதான் வாங்குகிறேன். சண்டை ராயல்டிக்கு இல்லை கிரி, எல்லைக்கு. அந்தத் தொகை எதற்கு என்பதைத்தான் எழுதி வாங்க வேண்டும்.

நான் எப்படிப் பேசுவேன் என்று சொல்கிறேன். இந்தத் தொகை தமிழ்ப் பதிப்புக்கு, அச்சுப் புத்தகத்துக்கு, இத்தனை வருடத்துக்கு. வேறு மொழிக்குப் போனால் முதல் தொகையில் ஒரு பங்கு. இத்தனை பிரதிக்கு மேல் மறுபதிப்பு என்றால் அதற்கும் ஒரு சின்னத் தொகை. காலண்டர், நோட்டு அட்டை, பை, பொம்மை எல்லாம் தனி, கேட்டுவிட்டுத்தான். பெயர் ரேப்பரில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவில். (பெயரைக் கடைசிப் பக்கத்தில் எறும்பு மாதிரிப் போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை.) மூலப் படம் என்னிடம்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: திருத்தம். பென்சில் ஸ்கெட்ச்சில் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கலர் போட்ட பிறகு ஒரே ஒரு சுற்று, அதற்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘தாத்தாவுக்கு மீசை வேண்டாமே’ என்று இருபதாவது பக்கம் முடித்த பிறகு சொல்வார்கள். மீசை எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. பணத்தையும் மூன்றாகப் பிரியுங்கள்: கையெழுத்தின்போது, ஸ்கெட்ச் ஒப்புதலின்போது, ஃபைனல் கொடுக்கும்போது. நடுவில் அவர்களே புத்தகத்தைக் கைவிட்டால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு வரி.

சின்னப் பதிப்பகம் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. பாதிக்கு ஒத்துக்கொள்வார்கள். கேட்டதற்காக வேலையைப் பறித்துக்கொண்டவர்களை நான் இதுவரை பார்க்கவில்லை.

---

தளி_டீச்சர்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். தமிழ் எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் அவர்கள் படிப்பது படத்தைத்தான். ஓசூர் சார் நாற்பது படம் ஒரு நிமிடத்தில் வரும் என்றார். வரட்டும். என் வகுப்பில் கொண்டுவந்து காட்டட்டும்.

போன வருடம் ஒரு புத்தகம். யானை பந்து விளையாடுகிறது, சிரிக்கிறது, கண்ணில் இமைமயிர் எல்லாம் இருக்கிறது. ஒரு பையன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மிஸ், இந்த யானை ராகி தின்னாதா?" என்று கேட்டான். அவன் வீட்டுக் கொல்லையில் ராத்திரி யானை இறங்கி, ஊரே பட்டாசு வெடித்து விரட்டியிருக்கிறது. அவனுக்கு யானை என்றால் அதுதான். சிரிக்கிற யானை வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் எப்போதுமே வேறு எங்கேயோ இருக்கிற யானை, வேறு எங்கேயோ இருக்கிற பாட்டி, ஓட்டு வீடு, ரெண்டு தென்னை மரம். எங்கள் ஊரில் கருங்கல் தூண் நட்டு வேலி போட்டிருப்பார்கள். அந்த வேலியை ஒரு புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் பக்கத்தின் மூலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நடுவில் ராஜா இருந்தாலும், கீழே ஓரத்தில் ஓடுகிற அணில் மேல்தான் விரல் போகும். அடுத்த பக்கத்தில் அந்த அணில் எங்கே என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் புத்தகத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். மூன்றாம் பக்கத்தில் பையன் சட்டையில் மேல் பட்டன் இல்லை என்றால் பதினைந்தாம் பக்கத்திலும் இருக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் ஆறு வயதுக்காரர்கள்.

அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்த பிறகு ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலைவாரியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் பள்ளிக்கு வருகின்றன. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் யாரோ வரைகிறார்கள் அல்லவா? கிரி அந்தப் பக்கமும் பார்க்கலாம்.

ஆடு கருப்பாகவே இருக்கட்டும்.

---

நாலு_கலர் (ஓசூர்)

முன்பு சிவகாசி, இப்போது ஓசூரில் ஆஃப்செட் அச்சகம். கருப்பு ஆடு என்றதும் வந்துவிட்டேன், ஏனென்றால் அந்த ஆடு கடைசியில் என் மெஷினில்தான் வந்து நிற்கும்.

தம்பி ஃப்ளெக்ஸ் ஆள் என்பதால் பாதி விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் பத்தடி போர்டுக்கு 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி) போதும், தூரத்தில் இருந்து பார்ப்பார்கள். புத்தகத்தைக் குழந்தை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கும். அச்சாகிற அளவிலேயே 300 டிபிஐ வேண்டும். சின்னதாக வரைந்து பெரிதாக இழுக்காதீர்கள். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது வெட்டும்போது போகிற ஓரம், விடுங்கள். முக்கியமான எதையும், முகம், கை, எழுத்து, ஓரத்தில் இருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் வைக்காதீர்கள். செல்போனில் பளபளக்கிற கிளிப்பச்சையும் ஆரஞ்சும் நாலு கலர் மையில் வராது, மங்கும். முதலிலேயே சிஎம்ஒய்கே-யில், அதாவது அந்த நாலு மைக் கலரில், பார்த்துக்கொள்ளுங்கள்.

24 பக்கம், சென்டர் பின். முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம் என்று வைத்தால் கதை 3-இல் தொடங்குகிறது. 4-5, 6-7 என்று 22-23 வரை எதிரெதிர்ப் பக்கங்கள் பத்து ஜோடி கிடைக்கும், 3-உம் 24-உம் ஒற்றைப் பக்கம். இதில் 12-13 மட்டும்தான் ஒரே தாளாக விரியும். மற்ற ஜோடிகளில் இடது பாதி ஒரு இடத்தில் அச்சாகும், வலது பாதி வேறு இடத்தில். மடித்துச் சேர்க்கும்போது ஒரு மயிரிழை விலகும், ஷேடும் கொஞ்சம் மாறும். அதனால் பையன் மூக்கு நடு மடிப்பில் வருகிற மாதிரி வரையாதீர்கள். சந்தை முழுசும் தெரிகிற பெரிய படம் இருந்தால் 12-13-இல் போடுங்கள்.

இப்போது ஆடு. வெறும் கருப்பு மை மட்டும் போட்டால் பெரிய இடத்தில் சாம்பல் அடித்த மாதிரி இருக்கும். நீலமும் கொஞ்சம் சிவப்பும் அடியில் சேர்த்தால் அடர்த்தி வரும். ஆனால் ஒவ்வொரு மைக்கும் முழு அளவு 100 சதவீதம் என்று வைத்தால், நாலு மையும் சேர்ந்து வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 300 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். பூச்சில்லாத மேப்லித்தோ தாள் என்றால் இன்னும் குறைக்க வேண்டும், அந்தத் தாள் மையை உறிஞ்சி எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாக்கிவிடும். ஆட்டை முழுக்கக் கருப்பாக அப்பாமல் முதுகில் வெயில் படுகிற இடத்தில் நீலச் சாம்பல் விட்டீர்கள் என்றால் உருவமும் தெரியும், அச்சும் தப்பிக்கும்.

கருப்பு ஆட்டின் மேல் வெள்ளை எழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். கருப்பு எழுத்தாகத் தனி லேயரில் இருந்தால் வேறு மொழிக்கு மாற்றும்போது கருப்பு ப்ளேட் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளை எழுத்து என்றால் நாலு ப்ளேட்டும் மாற வேண்டும். இதற்காகவே சில பதிப்பகங்கள் மற்ற மொழிக்குப் போகத் தயங்குவார்கள்.

---

நெல்லிமரம்

நாலு கலர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. படத்துக்குள் எழுத்து வரையாதீர்கள். சந்தை என்றால் கை தானாக ‘டீ ஸ்டால்’ என்று போர்டு எழுதும். துலிகா மாதிரிப் பதிப்பகங்கள் ஒரே படத்தை வைத்து ஒன்பது மொழிகளில் கொண்டுவருகிறார்கள். போர்டு தமிழில் இருந்தால் குஜராத்திக் குழந்தை என்ன செய்யும்? போர்டுக்குப் பதில் கிளாஸ், பாய்லர், ஆவி. அதை வைத்தே டீக்கடை என்று தெரிய வேண்டும்.

தமிழ் வரி நீளம் என்பதையும் நினைவில் வையுங்கள். இங்கிலீஷில் இருந்து மொழிபெயர்த்தால் இடம் பற்றாது. வானம், மண் தரை, பந்தல் துணி என்று அமைதியான இடம் ஒன்றை எல்லாப் பக்கத்திலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி ஒற்றைப்படைப் பக்கத்தில், பதில் புரட்டிய பிறகு. பையன் 9-ஆம் பக்கத்தில் கயிற்றை இழுக்கிறான், கயிறு லேசாக வருகிறது, முனை பக்கத்துக்கு வெளியே போகிறது. புரட்டினால் 10-இல் வெறும் கயிறு. அந்தப் புரட்டலை வீணாக்கினால் பாதிப் புத்தகம் போச்சு. அதனால்தான் கலருக்கு முன்னால் சின்னச் சின்னக் கட்டமாக ஸ்டோரிபோர்டு போட்டு, ஏ4 தாளை மடித்து பின் அடித்து ஒரு டம்மி செய்து, நாமே புரட்டிப் பார்ப்பது.

---

பழைய_தூரிகை

தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, பார்த்திருக்கிறீர்களா தம்பி? மூன்று அடுக்காகச் செதுக்கிய நடுகல் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். கீழே வீரன் சண்டை போடுகிறான், நடுவில் தேவமகளிர் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மேலே சொர்க்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். எழுத்து தெரியாதவனுக்கும் கதை போய்ச் சேருகிறது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் கூரை ஓவியம் இருக்கிறது, கழுத்து வலிக்கும், பரவாயில்லை. உங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளைக் கோட்டில் இரண்டு குதிரைவீரர்கள் மோதுகிறார்கள். நாலைந்து கோடுதான். வேகம் தெரியும்.

நான் படித்த காலத்தில் ஓவியக் கல்லூரி என்றால் சென்னை, இல்லாவிட்டால் கும்பகோணம். இன்றைக்குப் பதிப்பகத்தார் சான்றிதழ் கேட்பதில்லை, படத்தைத்தான் கேட்கிறார்கள். நடிகர் முகத்தைப் பென்சிலில் அச்சு அசலாக வரைந்து அனுப்புவார்கள் பையன்கள். அது இதற்கு உதவாது.

---

கிரி_கோடு

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. நெல்லிமரம் அக்கா, வேலையை விடலாமா என்பதற்கு மட்டும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கலாமா? அப்புறம் போர்ட்ஃபோலியோவில் எதை வைப்பது?

---

நெல்லிமரம்

விடாதீர்கள். நேரான பதில் இதுதான்.

படப்புத்தகம் மட்டும் வரைந்து சாப்பிடுகிறவர்கள் இந்தியாவிலேயே குறைவு, தமிழில் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. என் வருமானம் துண்டு துண்டாக வருகிறது. புத்தகம் ஒரு துண்டு. தொண்டு நிறுவனங்களுக்குச் சுகாதாரம், ஊட்டச்சத்து விளக்கப் படங்கள் ஒரு துண்டு. அங்கன்வாடி, பள்ளிச் சுவர் ஓவியம் சதுர அடிக் கணக்கு. வெயிலில் சாரத்தில் நின்று வரைகிற வேலை அது, புத்தகத்தை விட அதுதான் பல மாதம் சோறு போட்டிருக்கிறது. புத்தகத் திருவிழாவில் பிள்ளைகளுக்கு வரையும் பயிற்சி, பாட நூலுக்குச் சில்லறைப் படங்கள். பணம் வருகிற தேதியை யாரும் சொல்ல முடியாது. வேலை முடிந்து, புத்தகம் வந்து, அதற்குப் பிறகும் ‘அடுத்த வாரம்’ என்பார்கள். உங்களுக்கு மாசச் சம்பளம் இருப்பதால்தான் இந்த ஒப்பந்தத்தைப் பேரம் பேச முடிகிறது. அதை விட்டுவிட்டால் முதலில் போவது அந்தத் தைரியம். தேர்தல், முகூர்த்த மாதங்களில் மட்டும் கடைசித் தேதி வராமல் பதிப்பகத்திடம் பேசிக்கொள்ளுங்கள், ஃப்ளெக்ஸ் கடையில் அப்போது உங்களை விட மாட்டார்கள்.

ஊரை விட்டுப் போகவும் வேண்டாம். தாரா, துலிகா, கரடி பதிப்பகங்கள் எல்லாம் சென்னை, பிரதம் புக்ஸ் பெங்களூரு. எல்லாரும் மின்னஞ்சலில்தான் படம் பார்க்கிறார்கள். கிருஷ்ணகிரியில் இருந்து இரண்டு ஊருக்கும் பஸ் இருக்கிறது, கூப்பிட்டால் போய்விட்டு வரலாம். பிரதமின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் புத்தகங்கள் திறந்த உரிமத்தில் வருகின்றன. பெயரைக் குறிப்பிட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். அது தெரிந்தே வரைய வேண்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை, நம் படம் பல மொழிகளுக்குப் போகிறது. ஆனால் பிறகு ‘என்னைக் கேட்கவில்லையே’ என்று சொல்ல முடியாது.

போர்ட்ஃபோலியோவுக்குப் பத்துப் பன்னிரண்டு படம் போதும். ஒரே பிள்ளை ஓடுவது, அழுவது, தூங்குவது, பின்பக்கம் இருந்து, எல்லாவற்றிலும் அதே பிள்ளை என்று தெரிய வேண்டும். ஒரு கூட்டம். இரண்டு மூன்று விலங்கு. ஒரு ராத்திரிக் காட்சி. ஒரு கதையின் தொடர்ச்சியான மூன்று பக்கம். கடைசியில் சொன்னதுதான் முக்கியம், ஆசிரியர் குழு அதைத்தான் தேடும். ஒரே பிடிஎஃப், ஃபோனில் திறக்கிற அளவில். இத்தாலியில் பொலோன்யா சிறுவர் புத்தகக் கண்காட்சிக்கு வருடா வருடம் ஓவியர்களிடம் ஐந்து படங்கள் கேட்பார்கள். அவர்களும் ஒரு கருப்பொருளில் ஒட்டி வருகிற ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். என்றைக்காவது அனுப்புங்கள், சந்தை ஆடுகளையே அனுப்பலாம்.

---

ஓசூர்_கீபோர்டு

சரி, காப்பிரைட் விஷயத்தில் வக்கீல் சார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஏஐ பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. விலை மலிவான நாலுவரிப் பாட்டுப் புத்தகம், ஏபிசிடி புத்தகம் எல்லாம் அதற்குப் போய்விடும். ஏற்கெனவே கடையில் பார்க்கிறேன்.

---

நாலு_கலர்

அது உண்மைதான், எங்களிடமும் அப்படி வேலை வருகிறது. வரிசையாக ஆறு பக்கம், ஆறிலும் பாட்டிக்குப் புடவை வேறு. நான் சொல்லவில்லை, அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். மலிவுப் புத்தகத்துக்கு ஓவியரிடம் போனவர்கள் முன்பும் குறைவு, பழைய படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

---

கிரி_கோடு

பேசிவிட்டேன். போனில் இல்லாமல் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன், அதுவே நல்லதாகப் போயிற்று. ‘நிரந்தரமாக’ எடுத்துவிட்டு 7 வருடம் என்று போடுகிறார்கள். தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும். வேறு மொழிக்கு முதல் தொகையில் கால் பங்கு. பதிப்புரிமை என் பெயரில், பெயர் ரேப்பரில். மறுபதிப்புத் தொகைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ‘எங்களுக்குக் கட்டுப்படி ஆகாது’ என்றார்கள், விட்டுவிட்டேன். திருத்தம் கலருக்குப் பிறகு ஒரு சுற்று. பணம் மூன்றுக்குப் பதில் இரண்டு தவணை.

ஆடு கருப்பு! சந்தை போட்டோக்களும், முதுகில் நீலச் சாம்பல் போட்ட ஒரு கலர் மாதிரியும் அனுப்பினேன். பதிலுக்கு எழுத்தாளரே போன் செய்தார், அவர் நினைத்ததும் கருப்புக் குட்டியாம்.

முதல் தவணைக்கு பில் கேட்கிறார்கள். ஜிஎஸ்டி நம்பர் இல்லையே, என்ன செய்வது? 10 சதவீதம் பிடிப்போம் என்றும் சொன்னார்கள், அது எதற்கு?

---

வரவு_செலவு (காவேரிப்பட்டணம்)

ஜிஎஸ்டி இப்போதைக்குத் தேவையில்லை தம்பி. சேவைக்கு வருடம் 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. வெள்ளைத் தாளில் பெயர், முகவரி, பான் எண், பில் எண், தேதி, ‘24 பக்கச் சிறுவர் நூலுக்கான ஓவியம், முதல் தவணை’, தொகை, வங்கிக் கணக்கு விவரம் போட்டுக் கையெழுத்து போதும். ஒப்பந்தத் தேதியையும் அதில் குறிப்பிட்டுவிடுங்கள்.

அந்த 10 சதவீதம் டிடிஎஸ், பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி. போன காசு இல்லை, உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரி வராது என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பலர் தாக்கல் செய்யாமலேயே விட்டுவிடுகிறார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதனால் பில்லிலேயே எழுதிவிடுங்கள். பேப்பர், கலர், டேப்லெட், சந்தைக்குப் போன பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்கும் ரசீது எடுத்து ஒரு கவரில் போட்டு வையுங்கள், செலவாகக் காட்டலாம்.

---

கிரி_கோடு

நன்றி சார். பில் இன்றைக்கே அனுப்புகிறேன்.

டம்மி மடித்தாயிற்று. 9-ஆம் பக்கத்துக் கயிறு ஸ்கெட்ச் நாளை ராத்திரி இங்கே போடுகிறேன். தளி டீச்சர், உங்கள் பிள்ளைகளிடம் ஒரு தடவை காட்ட முடியுமா? குட்டியை 12-13-இல் குடைக்குக் கீழே ஒளித்திருக்கிறேன். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டால் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறேன்.

---

தளி_டீச்சர்

திங்கட்கிழமை காட்டுகிறேன். அளவைக் குறைக்காமல் அப்படியே அனுப்புங்கள், ஏ3 பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன். மூலையில் ஏதாவது வைத்திருக்கிறீர்கள் அல்லவா?